தொடாமல் சுற்றுவது எப்படி?

2011 செப்டம்பரில் தொடங்கிய அரசுத் திட்டத்தில் தமிழ்நாட்டு ரேஷன் அட்டைக் குடும்பங்களுக்கு விலையில்லாமல் மூன்று பொருள்கள் கிடைத்தன: மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. தென்காசி – திருநெல்வேலி சாலையில் பாவூர்சத்திரத்தில் இறங்கிக் கொஞ்சம் உள்ளே போனால் வரும் கீழப்பாவூரிலும் அவை வந்து சேர்ந்தன. பத்து வருடத்துக்கு மேல் உழைத்துவிட்டு, பல இப்போது பரணில் கிடக்கின்றன. சில பழைய இரும்புக்காரரின் தராசுக்குப் போய்விட்டன. உள்ளே என்னதான் இருக்கிறது என்று திறந்து பார்க்கத் துடிக்கும் ஒரு பிள்ளைக்கு அந்த மூன்றைவிட நல்ல பாடநூல் கிடையாது. மூன்றுமே மின்சாரத்தில் சுற்றுபவைதான். ஆனால் மிக்சி சுற்றும் விதம் வேறு, மற்ற இரண்டும் சுற்றும் விதம் வேறு. மிக்சியில், சுழலும் பாகத்துக்குள் மின்சாரம் தொட்டு நுழைகிறது. கிரைண்டரிலும் ஃபேனிலும் சுழலும் பாகத்தை எந்தக் கம்பியும் தொடுவதே இல்லை. மிக்சி ஏன் அப்படி அலறுகிறது, கிரைண்டர் ஏன் முக்கால் மணி நேரம் சளைக்காமல் ஓடுகிறது, ஃபேன் ஏன் உறுமிக்கொண்டே நின்றுவிடுகிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அந்த ஒரு வேறுபாட்டில் கிடைக்கும்.

திறப்பதற்கு முன் ஒரு கண்டிப்பு. பழுதாகி ஒதுக்கிய பொருளை மட்டும் எடுங்கள். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினால் போதாது, அந்த வயரையே வெட்டிவிடுங்கள். ஃபேனிலும் கிரைண்டரிலும் இருக்கும் கண்டன்சர், மின்சாரம் நின்ற பிறகும் கொஞ்சம் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கக்கூடும். அதன் இரண்டு முனைகளையும் விரலால் தொடக்கூடாது. பெரிய பின்புறம் கொண்ட பழைய கலர் டி.வி.யையும் மைக்ரோவேவ் அடுப்பையும் திறக்கவே வேண்டாம். டி.வி.யின் படக்குழாய் பல்லாயிரம் வோல்ட்டில் வேலை செய்தது. மைக்ரோவேவ் அடுப்பின் கண்டன்சர் ஆளையே கொல்லும்.

மிக்சியைக் கவிழ்த்துப் போட்டால் அடியில் ரப்பர் கால்கள், அவற்றின் பக்கத்தில் திருகுகள். வருடக்கணக்காக ஓடிய மிக்சியானால் திருகின் பள்ளம் முழுக்க மஞ்சளும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கல்லாக இறுகியிருக்கும். ஓர் ஊசியால் சுரண்டினால்தான் ஸ்க்ரூ டிரைவர் உட்காரும். அதற்கு முன் மேலே ஜார் உட்காரும் கப்ளரைக் கழற்ற வேண்டும். பல மிக்சிகளில் இதற்கு மரை தலைகீழாக வெட்டப்பட்டிருக்கும். வழக்கமாகத் திருகை இறுக்கும் பக்கம் திருப்பினால்தான் கழலும். மோட்டார் சுற்றச் சுற்றக் கப்ளர் இறுக வேண்டும், கழன்று பறக்கக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. கப்ளரை இரும்பில் செய்யாமல் பிளாஸ்டிக்கிலோ ரப்பரிலோ செய்வதிலும் அர்த்தம் இருக்கிறது. ஜாரில் ஏதாவது சிக்கி பிளேடு நின்றுபோனால், விலை குறைந்த இந்தத் துண்டு முதலில் உடையும். விலை கூடிய மோட்டார் தப்பிக்கும்.

அடி மூடியைத் தூக்கியதும் மோட்டார் தெரியும். இரண்டு பக்கமும் அசையாமல் நிற்கும் செப்புக் கம்பிச் சுருள்கள். பழுது பார்ப்பவர்கள் காயில் என்பார்கள். நடுவில், தண்டோடு சேர்ந்து சுழல்வது ஆர்மேச்சர். அதன் பள்ளங்களிலும் செப்புக் கம்பி நெருக்கமாகச் சுற்றப்பட்டு, வார்னிஷ் பூசி இறுக்கப்பட்டிருக்கும். ஆர்மேச்சரின் ஒரு முனையில் ஒரு செப்பு உருளை இருக்கும். கண்ணருகே வைத்துப் பாருங்கள். அது ஒரே உருளை இல்லை. மெல்லிய செப்புக் கட்டைகள் வட்டமாக அடுக்கி, ஒன்றையொன்று தொடாதபடி இடையில் காப்புப் பொருள் வைத்துச் செய்தது. பெயர் காம்யுடேட்டர். அதன் இரு புறமும் ஸ்பிரிங் தள்ள, இரண்டு கறுப்புக் கட்டிகள் உரசிக்கொண்டிருக்கும். அவைதான் கார்பன். மின்சாரம் ஒரு கார்பன் வழியாகச் சுழலும் செப்பில் ஏறி, ஆர்மேச்சர் சுருளில் ஓடி, எதிர்ப்பக்கத்துக் கார்பன் வழியாக இறங்குகிறது.

வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைபாய்வது. அப்படியிருக்க மிக்சி ஏன் முன்னும் பின்னும் ஆடாமல் ஒரே பக்கம் சுற்றுகிறது? நிற்கும் சுருளும் சுழலும் சுருளும் ஒரே கம்பியின் தொடர்ச்சியாக இணைக்கப்பட்டிருக்கின்றன. மின்சாரம் திசை மாறும்போது இரண்டின் காந்தத் துருவங்களும் சேர்ந்தே மாறுகின்றன. இரண்டும் ஒருசேரப் புரண்டால் தள்ளும் திசை அப்படியேதான் இருக்கும். இந்த மோட்டார் பேட்டரியிலும் ஓடும், வீட்டு மின்சாரத்திலும் ஓடும் என்பது இதனால்தான்.

இந்த ஏற்பாட்டின் பலன் வேகம். சுமை இல்லாமல் ஓடும் மிக்சி நிமிடத்துக்கு 18,000 சுற்றைத் தொடும். அதாவது நொடிக்கு 300. காம்யுடேட்டரில் 24 கட்டைகள் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு கார்பனும் நொடிக்கு 7,200 முறை ஒரு செப்புக் கட்டையை விட்டு அடுத்ததற்குத் தாவுகிறது. ஒவ்வொரு தாவலிலும் பொறி பறக்கப் பார்க்கும். இருட்டில் மிக்சியின் காற்றுத் துளை வழியாகத் தெரியும் நீல ஒளியும், ஓடி முடிந்ததும் வரும் அந்தத் தனி வாசனையும் அங்கிருந்துதான். செப்பு தேய்ந்தால் ஆர்மேச்சரையே மாற்ற வேண்டும் என்பதால், தேய வேண்டியது கார்பனாக இருக்கட்டும் என்று வடிவமைத்தவர்கள் முடிவு செய்தார்கள். கார்பன் தன்னைத்தானே வழவழப்பாக்கிக்கொள்ளும். சில வருடத்தில் குட்டையாகித் தீரும். மாற்றச் சில நிமிடம்தான். அடியிலிருக்கும் சிவப்புப் பொத்தான், சுமை மீறும்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு. கெட்டிச் சட்னியில் அது துள்ளி வெளியே வந்தால் மிக்சி செத்துவிட்டது என்று முடிவு கட்டவேண்டாம். ஜாரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மோட்டாரை ஆறவிட்டு, பொத்தானை அழுத்தினால் போதும்.

இனி கிரைண்டர். கோயம்புத்தூரில் 1955-இல் பி. சபாபதி செய்ததுதான் மாவாட்டும் இயந்திரத்தின் தொடக்கம். கோவை கிரைண்டருக்கு இன்று புவிசார் குறியீடே இருக்கிறது. மோட்டார் தொழில் அந்த ஊரில் அதற்கு முன்பே வேர்விட்டிருந்தது, ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் 1937-இல் இந்திய மண்ணில் மின் மோட்டார் செய்தார்கள். அதே ஜி.டி. நாயுடு, இளவயதில் ஓர் அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, பணம் சேர்த்து அதை வாங்கி, ஓட்டிப் பார்த்ததோடு நிறுத்தாமல் முழுக்கப் பிரித்து மாட்டியவர். நம் ஊரின் தொழில் வரலாறே திறந்து பார்க்கும் ஆசையில்தான் தொடங்கியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கிரைண்டர் மோட்டாரைத் திறந்தால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். வெளி வட்டத்தில் செப்புச் சுருள்கள் இருக்கின்றன. ஆனால் நடுவில் சுழலும் ரோட்டாரில் கம்பியே இல்லை. கார்பன் இல்லை, காம்யுடேட்டர் இல்லை. பார்ப்பதற்கு வெறும் இரும்பு உருளை. இரு முனையிலும் வெள்ளையாக ஒரு வளையம். அந்த வெள்ளை, அலுமினியம். மெல்லிய எஃகுத் தகடுகளை அடுக்கி, அவற்றின் பள்ளங்களில் உருக்கிய அலுமினியத்தை ஊற்றிச் செய்திருக்கிறார்கள். இரும்பைக் கரைத்து எடுத்துவிட்டால் அலுமினியக் கம்பிகளாலான ஒரு கூண்டு மிஞ்சும். இதற்குள் மின்சாரம் போக வழியே இல்லை. பிறகு எது சுற்ற வைக்கிறது?

விடையின் முதல் நுனி 1824-இல் பாரிஸில் கிடைத்தது. பிரான்சுவா அராகோ ஒரு செப்புத் தட்டைச் சுழற்றினார். அதற்கு மேலே, தட்டைத் தொடாமல் தொங்கிய காந்த ஊசியும் கூடவே சுழலத் தொடங்கியது. செம்பைக் காந்தம் ஈர்க்காது. பிறகு எப்படி இழுத்தது? 1831-இல் மைக்கேல் ஃபாரடே விடை சொன்னார். உலோகத்துக்கு அருகில் காந்தப்புலம் மாறினால் உலோகத்துக்குள்ளேயே மின்சாரம் பிறக்கிறது. பிறந்த மின்சாரம் தானே ஒரு காந்தமாகி, தன்னைப் பிறப்பித்த மாற்றத்தோடு மல்லுக்கு நிற்கிறது. காந்தம் நகர்ந்தால் உலோகமும் அதன் பின்னே இழுபடுகிறது.

இதை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பார்த்துத்தான் நாம் வளர்ந்தோம். பழைய மின்சார மீட்டரில் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அலுமினியத் தட்டு, விளிம்பில் ஒரு கறுப்போ சிவப்போ அடையாளத்தோடு, சுற்றிக்கொண்டே இருக்கும். இஸ்திரிப் பெட்டி போட்டால் வேகமெடுக்கும். எல்லாவற்றையும் அணைத்தால் நிற்கும். அந்தத் தட்டுக்கும் எந்தக் கம்பியும் போகவில்லை. மேலும் கீழும் இருந்த சுருள்களின் காந்தப்புலம் அதைத் தொடாமல் தள்ளியது. பக்கத்தில் இருந்த நிலைக்காந்தம் அதே முறையில், தொடாமலே பிரேக் போட்டது. மின்னணு மீட்டர்கள் வந்ததும் அந்தத் தட்டு போய்விட்டது. பழைய மீட்டர் ஒன்று எங்காவது காட்சிக்கு இருந்தால் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுங்கள்.

ரோட்டாரைச் சுற்ற வைக்க, அதைச் சுற்றி ஒரு காந்தம் ஓட வேண்டும். கையால் ஒரு காந்தத்தைச் சுழற்றுவதற்குப் பதில், அசையாத சுருள்களைக் கொண்டே சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்கலாம் என்று இத்தாலியில் கலிலியோ ஃபெராரிஸும் அமெரிக்காவில் நிக்கோலா டெஸ்லாவும் தனித்தனியே கண்டார்கள். இருவருடைய வேலையும் 1888-இல் வெளிவந்தது. எப்படி என்பதை ஆட்டுரலில் மாவாட்டியவர்கள் கைப்பழக்கத்திலேயே அறிவார்கள். குழவியை முன்னும் பின்னும் மட்டும் தள்ளினால் அது ஆடும், சுற்றாது. முன்னும் பின்னும் தள்ளுவதோடு, சற்றே தாமதித்து இடமும் வலமும் தள்ளும்போதுதான் கை வட்டம் போடும். ஒரு சுருளில் மட்டும் வீட்டு மின்சாரம் ஓடினால் காந்தப்புலம் முன்பின்னாக ஆடுவதோடு சரி. அதற்குக் குறுக்காக இரண்டாவது சுருள் ஒன்றை வைத்து, அதில் ஓடும் மின்சாரத்தை நொடியில் ஒரு சிறு பங்கு முன்னே தள்ளிவிட்டால் புலம் சுழலும். அந்த நேர வித்தியாசத்தை உண்டாக்குவதுதான் கண்டன்சரின் வேலை. ஃபேனுக்குள் கட்டைவிரல் அளவில் ஒளிந்திருக்கும் 2.5 மைக்ரோஃபாரட் கண்டன்சர், இரண்டாவது சுருளின் மின்சாரத்தைக் கால் அலை அளவுக்கு முன்னே தள்ளுகிறது.

இப்போது பழுது பார்க்கும் கடையில் நடக்கும் பேச்சு புரியும்.

"அண்ணாச்சி, ஃபேனு உறுமுது. சுத்த மாட்டேங்கு."

"கண்டன்சர் வீக்காயிருக்கும்க்கா. கம்ப வச்சுத் தள்ளிவிட்டா ஓடுதா?"

"ஆமா. வாரியல் கம்பால ஒரு தள்ளு தள்ளுனா மெள்ளச் சுத்துது. ஆஃப் பண்ணிப் போட்டா பழையபடி நின்னுருது."

கண்டன்சர் போனால் இரண்டாவது சுருள் வேலை செய்யாது. முன்பின் ஆட்டம் மட்டும் மிஞ்சும். ஆனால் கணிதம் ஓர் ஆச்சரியத்தைச் சொல்கிறது. முன்பின்னாக ஆடும் புலம் என்பது, எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு புலங்களின் கூட்டு. நிற்கும் ரோட்டாரை இரண்டும் சமமாக இழுப்பதால் அது அசையாமல் உறுமுகிறது. கம்பால் எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கத்துப் புலம் வெல்கிறது. தலைகீழாகத் தள்ளினால் தலைகீழாகவும் ஓடும். அண்ணாச்சி ஃபேனைப் பார்க்காமலே கண்டன்சர் என்று சொன்னது இதை வைத்துத்தான்.

வயல் கிணற்று மோட்டாருக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே வருவது த்ரீ ஃபேஸ். மூன்று கம்பிகளிலும் மின்சாரம் ஒன்றன்பின் ஒன்றாக, மூன்றில் ஒரு பங்கு அலை தள்ளியே வருவதால் சுழலும் புலம் தானாக உண்டாகிவிடுகிறது. மூன்றில் எந்த இரண்டு கம்பியை மாற்றி மாட்டினாலும் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். டிரான்ஸ்ஃபார்மரில் வேலை நடந்த மறுநாள் பம்பு ஓடியும் தண்ணீர் சரியாக ஏறவில்லையென்றால் விவசாயி "ஃபேஸ் மாறிட்டு" என்பார். ஒரு ஃபேஸ் இல்லாத நேரத்தில் கண்டன்சர் வைத்து மோட்டாரை ஓட்டும் வழக்கமும் கிராமங்களில் உண்டு. இல்லாத மூன்றாவது அலையை அவர்கள் கண்டன்சரில் செய்துகொள்கிறார்கள்.

கிரைண்டர் மோட்டாரின் தகட்டைத் துடைத்துப் படித்துப் பாருங்கள். பலவற்றில் 1440 என்று பொறித்திருக்கும், நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று. ஏன் முழுதாக 1500 இல்லை? நொடிக்கு 50 அலை என்றால் நிமிடத்துக்கு 3000. நான்கு துருவம் உள்ள மோட்டாரில் புலம் அதில் பாதி வேகத்தில், 1500-இல் சுழலும். ரோட்டாரும் சரியாக 1500-இல் ஓடினால் அதன் கண்ணுக்குப் புலம் அசையாததாகிவிடும். மாற்றம் இல்லையென்றால் மின்சாரம் பிறக்காது, தள்ளுவதற்கு ஒன்றும் இருக்காது. பின்தங்கும் அந்த 60 சுற்றுத்தான் ரோட்டாருக்கு உயிர். உளுந்து கெட்டியாகிச் சுமை ஏறினால் ரோட்டார் இன்னும் கொஞ்சம் பின்தங்கும், மின்சாரம் கூடும், இழுவை கூடும். யாரும் கட்டுப்படுத்தாமலே மோட்டார் தன் பலத்தைச் சரிசெய்துகொள்கிறது. இந்தச் சாதனத்தில் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான். மோட்டாரின் வேகத்தைப் பெல்ட்டும் சக்கரமும் பல மடங்கு குறைத்துக் கல்லுக்குக் கொடுப்பதால் மாவு சூடேறாமல் அரைபடுகிறது.

சீலிங் ஃபேனில் அதே மோட்டார், உள்புறம் வெளிப்புறமாகத் திருப்பியது. சுருள்கள் நடுவில் தண்டோடு அசையாமல் நிற்க, வெளிக்கூடு இறக்கைகளோடு சுற்றுகிறது. வேகத்தைக் குறைக்கத் துருவங்களைக் கூட்டியிருப்பார்கள். 16 துருவம் என்றால் புலம் நிமிடத்துக்கு 375 சுற்று.

எத்தனை குறைத்தாலும் இரண்டு துருவத்துக்குக் கீழே போக முடியாது. ஆகவே நம் ஊர் மின்சாரத்தில் நேரடியாக ஓடும் தொடாத மோட்டார் எதுவும் 3000-ஐத் தாண்டாது. இந்த வரம்பை விதிப்பது மின் நிலையம். கூடங்குளம் அணுமின் நிலையத்தின் டர்பைன் நிமிடத்துக்குச் சரியாக 3000 சுற்று சுழல்வது. பாபநாசம் நீர்மின் நிலையத்தின் சக்கரம் அதைவிட மெதுவாகச் சுழன்றாலும், துருவங்களைக் கூட்டி அதே 50-ஐத் தருகிறது. 2013-இன் கடைசி நாளில் ராய்ச்சூர் – சோலாப்பூர் மின்பாதை இணைந்தபோது தென்னிந்தியாவும் நாட்டின் ஒரே மின்தொகுப்பில் சேர்ந்தது. அன்றிலிருந்து காஷ்மீர் ஃபேனும் கீழப்பாவூர் ஃபேனும் ஒரே துடிப்பில் இயங்குகின்றன. நம் மூன்று பொருள்களில் அந்தத் துடிப்புக்குக் கட்டுப்படாதது மிக்சி மட்டும். மின்சாரத்தைக் கார்பன் வழியே தொட்டு வாங்கி, துருவத்தைத் தானே மாற்றிக்கொள்வதால் அதன் வேகத்துக்கு 50 ஒரு தடையே இல்லை. கூடங்குளத்து டர்பைனைப் போல ஆறு மடங்கு வேகம். மஞ்சளும் மிளகாயும் பொடியாக அந்த வேகம் வேண்டும். அதற்கு விலையாகப் பொறியையும் இரைச்சலையும் தேய்மானத்தையும் ஏற்றுக்கொள்கிறோம்.

1440-க்கும் 1500-க்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளியை இன்னொரு பக்கமும் தாண்டலாம். ரோட்டாரை வெளியிலிருந்து பிடித்துத் தள்ளி 1500-க்கு மேலே ஓட்டினால், அது மின்சாரத்தை வாங்குவதை நிறுத்திக் கொடுக்கத் தொடங்கும். குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பாயும் காற்றை நம்பித்தான் சுரண்டை, ஆலங்குளம் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்கின்றன. தமிழ்நாட்டில் 1990-களில் நிறுவிய காற்றாலைகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருந்தது இதே கூண்டு ரோட்டார் மோட்டார், பெரிய அளவில். மெதுவாகச் சுழலும் இறக்கையின் வேகத்தைப் பல்சக்கரங்கள் கூட்டி, ரோட்டாரை 1500-க்குச் சற்று மேலே தள்ளின. நிலைக்காந்தம் எதுவும் இல்லாததால், காந்தப்புலத்துக்கு வேண்டிய மின்சாரத்தை அவை மின்தொகுப்பிலிருந்தே வாங்க வேண்டியிருந்தது. அதை ஈடுகட்ட அங்கேயும் கண்டன்சர்கள், பெட்டி பெட்டியாக.

இப்போது கடைகளில் பி.எல்.டி.சி. ஃபேன்கள் வந்துவிட்டன. 75 வாட் இழுத்த பழைய ஃபேனின் காற்றை இவை 30 வாட் சொச்சத்தில் தருகின்றன. 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம் என்று ஆனதும் இவற்றின் விற்பனைக்குத் துணைநின்றது. உள்ளே அலுமினியக் கூண்டு இல்லை, வளையமாக நிலைக்காந்தங்கள். அசையாத சுருள்களுக்கு எந்த நேரம் மின்சாரம் விட வேண்டும் என்பதை ஒரு மின்னணு அட்டை முடிவு செய்கிறது. மிக்சியில் காம்யுடேட்டரும் கார்பனும் உரசிச் செய்த வேலையை இங்கே சிப் தொடாமல் செய்கிறது. 50-இன் கட்டுப்பாடும் இல்லை, தேய்மானமும் இல்லை. நல்ல முன்னேற்றம், வாங்கலாம். எனக்கு இருக்கும் கவலை ஒன்றுதான். கண்டன்சர் என்று காதால் கேட்டே சொன்ன அண்ணாச்சிக்கு இந்த அட்டையில் எது போனது என்று சொல்ல வழியில்லை. சிப்பின் மேல் தார் போன்ற பூச்சு பூசியிருக்கும், வரைபடம் கிடைக்காது. "போர்டு போயிட்டு, புதுசு மாத்தணும்" என்பதோடு பேச்சு முடிகிறது. ஃபேன் விற்கும் ஒவ்வொரு நிறுவனமும் அந்த அட்டையின் சுற்று வரைபடத்தை வெளியிட வேண்டும், உதிரி அட்டையைப் பத்து வருடமாவது விற்க வேண்டும் என்று கேட்பது வாங்குகிறவரின் உரிமை.

அட்டை போய் ஒதுக்கிய பி.எல்.டி.சி. ஃபேன் ஒன்று கையில் கிடைத்தால், மோட்டாரிலிருந்து அட்டைக்குப் போகும் மூன்று கம்பிகளையும் கழற்றிவிட்டுக் கூட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள், லேசாகச் சுற்றும். பிறகு அந்த மூன்று கம்பி முனைகளையும் ஒன்றாக முறுக்கிவிட்டுச் சுற்றுங்கள். கனமாக, சேற்றில் இழுப்பதைப் போல எதிர்க்கும். மின்சாரம் எங்கிருந்தும் வரவில்லை. நீங்கள் சுற்றிய காந்தம் சுருளுக்குள் மின்சாரத்தைப் பிறப்பிக்கிறது. அது உங்கள் கையைத் திருப்பித் தள்ளுகிறது. அராகோவின் ஊசியை இழுத்ததும் இதுவே. எவ்வளவு வேகமாகச் சுற்றப் பார்க்கிறீர்களோ அவ்வளவு பலமாக எதிர்க்கும். முறுக்கைப் பிரித்த கணமே கூடு மீண்டும் லேசாகிவிடும்.